பழைய செயின்சாவை மறுபடி ஓட வைக்க: கொங்குப் பக்கத்தில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

கொங்குப் பக்கத்துத் தோட்டங்களில் பழைய சாளையை, அதாவது தோட்டத்துக் கொட்டகையைத் திறந்து பார்த்தால், உரச் சாக்குக்கும் எரிந்துபோன மோட்டாருக்கும் நடுவில் ஒரு செயின்சா கிடக்க வாய்ப்பு உண்டு. ஒரு காலத்தில் புளியும் தேக்கும் அறுத்த மிஷின். எனக்குக் கிடைத்ததும் அப்படி ஒன்றுதான், ஒரு உறவினர் தோப்பில் கிடந்த ஸ்டில் 070. அதை ஓட வைக்கப் பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் நிறைய அலைந்தேன். எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று வரிசையாகச் சொல்ல ஆள் கிடைக்காததுதான் அந்த அலைச்சலுக்குக் காரணம். அந்த வரிசையை இங்கே எழுதிவிடுகிறேன்.

முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். பழைய மிஷினைக் கெடுப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் ரப்பர்தான். கிராங்க் தண்டின் ஓரத்தை அடைக்கும் ஆயில் சீல், கார்பரேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு, பெட்ரோல் குழாய் எல்லாம் காய்ந்து வெடித்திருக்கும். அந்த வழியாகக் காற்று புகும். காற்று கூடினால் பெட்ரோலோடு வரும் ஆயில் பிஸ்டனுக்குப் போதாது. சூடேறி பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துவிடும். அதனால் பெயிண்ட், ஸ்டிக்கர், பளபளப்பு எல்லாம் கடைசி. முதல் பணம் ரப்பருக்கு.

நேரக் கணக்கும் உண்டு. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கத் தொடங்கினால் தோப்புகளில் மரம் சாயும், மிஷின் தேவைப்படும். தை மாதம் தொடங்கினால் உதிரிப் பாகம் வர, லேத் பட்டறையில் காத்திருக்க, ஓட்டிப் பழக எல்லாவற்றுக்கும் அவகாசம் இருக்கும். வைகாசியில் பிரித்துப் போட்டுவிட்டு ஆடிக்குள் வேண்டும் என்று அவசரப்பட்டால் அரைகுறையாகத்தான் முடியும்.

1. மாடல் எது என்று தெரிந்த பிறகு காசைக் கொடுங்கள்

ஸ்டார்ட்டர் மூடியிலோ கைப்பிடிக்குப் பக்கத்திலோ மாடல் எண் இருக்கும். வரிசை எண் கிராங்க் கேஸில், அதாவது இஞ்சினின் வார்ப்பு உடலில் குத்தியிருக்கும். இரண்டையும் போட்டோ எடுத்துக்கொண்டு, அந்த மாடலுக்குப் பிஸ்டன், ரிங், சீல், டயாஃப்ரம் கிட் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். கிடைக்கவில்லை என்றால், இனாமாக வந்தாலும் அது அலமாரியில் வைத்துப் பார்க்கத்தான் ஆகும்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது ஸ்டில் 070. 106 சி.சி., பாரும் (செயின் ஓடும் நீளத் தகடு) செயினும் இல்லாமலே 10 கிலோவுக்கு மேல் எடை. கனம்தான், ஆனால் உள்ளமைப்பு எளிமையானது, உதிரிகளும் தாராளமாகக் கிடைக்கின்றன. ஹோம்லைட், மெக்கல்லக் போன்ற அமெரிக்க மிஷின்கள் அழகானவை. அவற்றின் பாகங்களுக்கு வெளிநாட்டைத்தான் நம்ப வேண்டும் என்பதால் இரண்டாவது மிஷினாக வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 070-ஐ அப்படியே பார்த்துச் செய்த சீன மிஷின்கள் நிறைய வந்துவிட்டன. அதை நாலு வருஷம் வெயிலில் போட்டு எடுத்தால் பழைய ஜெர்மன் மிஷின் போலவே தெரியும். வார்ப்பில் ஸ்டில் பெயரும் வரிசை எண்ணும் தெளிவாக இருக்கிறதா, கார்பரேட்டரில் டில்லட்சன் போன்ற கார்பரேட்டர் கம்பெனிப் பெயர் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். சீன மிஷினை வாங்கக் கூடாது என்பதில்லை. அதன் விலைக்கு வாங்குங்கள்.

2. வாங்கும் இடத்திலேயே பார்க்க வேண்டியவை

ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு பிளக் ஸ்பேனர், ஒரு டார்ச் போதும்.

ஸ்டார்ட்டர் கயிற்றின் பிடியைப் பிடித்து மிஷினைத் தூக்குங்கள். சரசரவென்று இறங்கிவிட்டால் கம்ப்ரெஷன் இல்லை. விட்டுவிட்டு, தடுக்கித் தடுக்கி இறங்கினால் உயிர் இருக்கிறது. கம்ப்ரெஷன் கேஜ் இருந்தால் இன்னும் நல்லது. டூவீலர் மெக்கானிக்குகள் பலரிடம் இருக்கும். 120 பி.எஸ்.ஐ.க்கு மேல் காட்டினால் தைரியமாக வாங்கலாம். 100-க்குக் கீழ் என்றால் ரிங் செலவைக் கணக்கில் சேருங்கள்.

அடுத்து சைலன்சரைக் கழற்றி டார்ச் அடியுங்கள். பிஸ்டன் வழவழப்பாகச் சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும். புகை வெளியேறும் பக்கம் மேலும் கீழுமாக ஆழமான கோடுகள் இருந்தால் அந்த மிஷின் ஆயில் போதாமல் சூடேறிப் பிடித்தது என்று அர்த்தம். கார்பரேட்டர் பக்கம் கோடு இருந்தால் ஃபில்டர் இல்லாமல் தூசியோடு ஓட்டியிருக்கிறார்கள். விற்கிறவர் “சும்மா பிளக் மாத்தினா போதுங்க” என்று சொன்னாலும், இந்தச் சோதனையை விடாதீர்கள்.

ஃபிளைவீல் துடுப்பு உடைந்ததா, கிராங்க் கேஸில் விரிசல் உண்டா என்றும் பாருங்கள். பழைய கிராங்க் கேஸ்கள் பெரும்பாலும் மெக்னீசியம் கலவை. சாதாரண வெல்டிங் பட்டறையில் கொடுத்து ஒட்ட வைக்க முடியாது. அதன் தூள் தீப்பிடிக்கவும் செய்யும். விரிசல் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

3. காகிதம்

உறவினரிடம் வாங்கினாலும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வாங்குங்கள்: மாடல், வரிசை எண், தேதி, தொகை, இருவர் கையெழுத்து. இது சம்பிரதாயத்துக்காக இல்லை. சத்தியமங்கலம், ஆனைமலைப் புலிகள் காப்பகங்களின் ஓரத்துச் சாலைகளில் வனத்துறைச் சோதனைச் சாவடிகள் உண்டு. வண்டியில் செயின்சா இருந்தால் எங்கிருந்து எங்கே என்று கேட்பார்கள். கையில் தாள் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும். காப்புக்காட்டுக்குள் எந்தக் காரணத்துக்காகவும் மிஷினோடு போகாதீர்கள்; வனக்குற்றத்தில் சம்பந்தப்பட்டால் கருவியைப் பறிமுதல் செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

உதிரியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கூரியர்காரர் ஆதார் போன்ற அடையாள ஆவணத்தைக் கேட்பார். பில்லில் உண்மையான விலையைப் போடச் சொல்லுங்கள். குறைத்துப் போட்டுச் சுங்கத்தில் மாட்டினால் பொருள் வாரக்கணக்கில் நிற்கும். வரியும் தபாலும் சேர்ந்து சின்னப் பொருளுக்குப் பொருளின் விலையையே எட்டிவிடும். அதனால் நாலைந்து சாமானைச் சேர்த்து ஒரே தடவையில் வரவழையுங்கள்.

4. எவ்வளவு பணம் எடுத்து வைப்பது

நான் கொடுத்ததையும் விசாரித்ததையும் வைத்து ஏறக்குறைய சொல்கிறேன். ஊருக்கு ஊர் மாறும். பழைய மிஷின் நிலைமையைப் பொறுத்து 8,000 முதல் 20,000 ரூபாய். ஆயில் சீல், பேரிங், கேஸ்கெட், டயாஃப்ரம் கிட், பெட்ரோல் குழாய், பிளக் எல்லாம் சேர்த்து 2,500-க்குள் அடங்கும். பிஸ்டன், ரிங், சிலிண்டர் மாற்ற வேண்டி வந்தால் இன்னும் 3,000 முதல் 5,000. பாரும் செயினும் புதிது வாங்கினால் 5,000 தாண்டும்.

மரம் அறுக்கும்போது காலின் முன்பக்கம் கட்டும் பாதுகாப்பு மறைப்பு, கண்ணாடி மறைப்பு வைத்த ஹெல்மெட், காதுமூடி, பூட்ஸ் ஆகியவற்றுக்குத் தனியாக 6,000 ஒதுக்குங்கள். மிஷினுக்குப் பேரம் பேசலாம், இதில் பேசாதீர்கள்.

5. பிரிப்பது

முதலில் டீசல் தெளித்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, வெளியழுக்கை எடுங்கள். ஆசிட் வைத்துக் கழுவாதீர்கள், மெக்னீசியம் அரித்துவிடும். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் போட்டோ எடுங்கள். கழற்றிய ஸ்குரூவைத் தனித்தனிக் கிண்ணத்தில் போடுங்கள், நீளம் மாறினால் கேஸில் ஓட்டை விழும்.

கிளட்சில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பெரும்பாலான செயின்சாக்களில் கிளட்ச் மரை இடப்பக்க மரை. கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். எதிர்த்திசையில் சுத்தியல் போட்டு அடித்தால் கிராங்க் போய்விடும். பிளக் ஓட்டை வழியாக ஒரு முழம் நைலான் கயிற்றை உள்ளே விட்டுப் பிஸ்டனை நிறுத்திக்கொள்ளுங்கள். இரும்புக் கம்பியை விடக் கூடாது.

ஃபிளைவீலைக் கழற்ற புல்லர் என்ற இழுக்கும் கருவி வேண்டும். கோவையில் எந்த லேத் பட்டறையிலும் அளவு கொடுத்தால் செய்து தருவார்கள். மரை தேய்ந்த இடங்களுக்கு ஹெலிகாயில் (புது மரைக்காக உள்ளே வைக்கும் கம்பிச்சுருள்) போடவும் அங்கேயே சொல்லிவிடலாம். ஆயுத பூஜை, தீபாவளிக்கு முன்பின் கொடுத்தால் பட்டறையில் உங்கள் சாமான் கடைசி வரிசைக்குப் போய்விடும்.

பேரிங்கையும் ஆயில் சீலையும் செயின்சா பெயர் சொல்லித் தேட வேண்டாம். பேரிங்கின் மேல் எண் பொறித்திருக்கும், சீலில் உள்விட்டம், வெளிவிட்டம், கனம் என்று மூன்று அளவு இருக்கும். இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு பேரிங் கடைக்குப் போனால் போதும். பேரிங் கேட்கும்போது சி3 என்று சேர்த்துக் கேளுங்கள். சூட்டில் விரியும் இஞ்சினுக்கு அந்த இடைவெளி வேண்டும்.

6. காற்றுக் கசிவுச் சோதனை

எல்லாவற்றையும் விட இதில் நேரம் செலவழியுங்கள். பிஸ்டன் புதிதாகப் போட்டு, சீல் சோதிக்காமல் ஸ்டார்ட் செய்கிறவர்களின் பிஸ்டன் சில நிமிஷத்தில் போன கதைகள் நிறைய. “ஓடுதுங்க, ஆனா ஸ்லோவுல நிக்க மாட்டேங்குது, திடீர்னு ரேஸ் ஆகுது” என்று சொல்கிறவர்களின் மிஷினில் பெரும்பாலும் இந்தக் கசிவுதான்.

பழைய சைக்கிள் டியூபிலிருந்து இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒன்றைச் சைலன்சர் இருந்த இடத்திலும் இன்னொன்றைக் கார்பரேட்டர் இருந்த இடத்திலும் வைத்து, மேலே தகடு போட்டு ஸ்குரூவால் இறுக்குங்கள். கார்பரேட்டருக்குப் போகும் காற்றுத்துடிப்பு ஓட்டை தனியாக இருந்தால் அதையும் அடையுங்கள். பிளக் ஓட்டையில் ஒரு பழைய பிளக்கின் உள்பீங்கானை எடுத்துவிட்டுக் குழாய் பொருத்த வேண்டும். இதையும் லேத்தில் செய்து தருவார்கள்.

காற்றடிக்க, வீட்டில் பி.பி. பார்க்கும் பழைய கருவி இருந்தால் அதன் பந்தும் மீட்டரும் போதும். 300 வரை ஏற்றினால் ஏறக்குறைய 0.4 பார் அழுத்தம், இந்தச் சோதனைக்கு அது சரியான அளவு. ஏற்றிவிட்டுக் காத்திருங்கள். முள் அப்படியே நிற்க வேண்டும். இறங்கினால் சோப்புத் தண்ணீரைச் சீல் ஓரம், சிலிண்டர் அடி, கேஸ் இணைப்பு எங்கும் தடவுங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. கிராங்கை மெதுவாகச் சுற்றிவிட்டு மறுபடி பாருங்கள், சில சீல்கள் ஒரு நிலையில் பிடித்து இன்னொரு நிலையில் விடும்.

அழுத்தத்தில் தாங்கி, உறிஞ்சும்போது விடும் சீல்களும் உண்டு. அதற்கு வேக்குவம் கைபம்பு தேவை. கார் பிரேக் வேலை செய்யும் மெக்கானிக்கிடம் இருக்கும், அரைமணி நேரத்துக்குக் கேட்டு வாங்கலாம். இரண்டு சோதனையிலும் தேறிய பிறகே அடுத்த படி.

7. பாயிண்ட், காயில்

பழைய 070-களில் பாயிண்டும் (நெருப்புக்கான மின்சாரத்தை வெட்டிவிடும் தொடுமுனை) கண்டென்சரும் ஃபிளைவீலுக்கு அடியில் இருக்கும். நெருப்பு வரவில்லை என்றவுடன் காயிலைக் குறை சொல்லாதீர்கள். பாயிண்டின் முகத்தில் படிந்த கறையை மெல்லிய எமரித் தாளால் தேய்த்து, பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தாலே பாதி மிஷின்களில் நெருப்பு வந்துவிடும். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.4 மி.மீ., பிளக் இடைவெளி 0.5 மி.மீ. ஃபிளைவீலுக்கும் காயிலுக்கும் நடுவே 0.2 முதல் 0.3 மி.மீ. ஃபீலர் கேஜ் வாங்கிவிடுங்கள். கண்டென்சர் விலை குறைவு, சந்தேகம் என்றால் மாற்றிவிடுவது நல்லது.

8. கார்பரேட்டரும் பெட்ரோலும்

கார்பரேட்டர் எண்ணைச் சொல்லி டயாஃப்ரம் கிட் வாங்குங்கள். மிஷின் பெயரை மட்டும் சொன்னால் வேறு கிட் வந்து சேரும். பிரித்து, சல்லடையைக் கழுவி, புது டயாஃப்ரமும் ஊசியும் போட்டால் வேலை முடிந்தது. நுண்துளைகளில் கம்பி விடாதீர்கள். பெட்ரோல் குழாய்க்கு மீன்தொட்டிக் கடையில் விற்கும் வெள்ளைக் குழாயைப் போடுகிறார்கள். கொஞ்ச நாளில் விறைத்து வெடித்துவிடும்.

இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊற வைக்கும். புது டயாஃப்ரம் போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வேலை முடிந்த அன்றே டேங்கைக் காலி செய்து, மிச்சம் தீரும் வரை ஓட்டி நிறுத்துங்கள். கலந்து வைத்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். பங்குகளில் பிளாஸ்டிக் பாட்டிலில் தர மறுப்பார்கள், இரும்புக் கேன் எடுத்துப் போங்கள்.

கலவை 25-க்கு 1: ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மி.லி. டூ ஸ்ட்ரோக் ஆயில். புது மிஷின்களுக்குச் சொல்லும் 50-க்கு 1 கணக்கைப் பழைய மிஷினுக்கு நான் பின்பற்றுவதில்லை. புகை கொஞ்சம் கூடும், பிஸ்டன் பிழைக்கும். கண்ணளவில் ஊற்றாமல் மருந்துக்கடையில் கிடைக்கும் அளவுக் குப்பியில் அளந்து ஊற்றுங்கள்.

9. பார், செயின், அரம்

செயின் வாங்க மூன்று எண் வேண்டும்: பிட்ச் (செயின் கண்ணிகளின் இடைவெளி, அங்குலத்தில்), பார் காடியின் அகலம், உள்பற்களின் எண்ணிக்கை. 070-க்கு வழக்கமாக 0.404 பிட்ச், 1.6 மி.மீ. காடி. எண்ணிக்கை பாரின் நீளத்தைப் பொறுத்தது, பழைய செயினைத் தரையில் நீட்டி எண்ணிக்கொள்ளுங்கள். பார் நீளத்தை மட்டும் சொல்லி வாங்கினால் கடையில் கையில் கிடைத்ததைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள், ஸ்பிராக்கெட்டில் உட்காராது.

உருண்டை அரம்: 0.404-க்கு 5.5 மி.மீ., 3/8-க்கு 5.2 மி.மீ., 0.325-க்கு 4.8 மி.மீ. கோணம் 30 பாகை. எல்லாப் பற்களும் ஒரே நீளத்துக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் வெட்டு ஒரு பக்கம் வளையும்.

நம் பக்கத்து மரங்களைப் பற்றிக் கொஞ்சம். தென்னையின் வெளிச்சுற்று கடினமானது, செயினைச் சீக்கிரம் மழுக்கும். டேங்க் தீரும் ஒவ்வொரு தடவையும் அரம் போட வேண்டும். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் வேர்வாடல் நோய் வந்த தென்னைகளை வெட்டுகிறவர்கள் இரண்டு செயின் வைத்துக்கொள்வது நல்லது. காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காட்டு (மேய்ச்சல் நிலத்து) வேலியோர வெள்வேல மரங்களில் முள்கம்பியும் ஆணியும் பட்டைக்குள் புதைந்திருக்கும். அறுக்கும் முன் சுற்றித் தட்டிப் பாருங்கள்.

செயினுக்குக் கழிவு ஆயில் ஊற்றும் பழக்கம் ஊரெல்லாம் இருக்கிறது. அதில் உலோகத் துகள் இருக்கும், பாரையும் பம்பையும் தின்றுவிடும். தோலுக்கும் கெடுதல். செயின் ஆயில் கிடைக்காவிட்டால் புது 40 நம்பர் இஞ்சின் ஆயில் போதும்.

10. முதல் ஓட்டம்

கார்பரேட்டரில் மெதுவேகத்துக்கான எல் ஸ்குரூ, முழுவேகத்துக்கான எச் ஸ்குரூ இரண்டையும் மெதுவாக முழுக்க மூடி, ஒரு சுற்றுத் திறந்து வையுங்கள். மிஷினைத் தரையில் வைத்து, முன்கைப்பிடியை இடக்கையால் அழுத்திக்கொண்டு கயிற்றை இழுங்கள். கையில் தொங்கவிட்டு இழுப்பதைப் பார்த்துப் பழகாதீர்கள். முழு ஆக்சிலேட்டரில் சும்மா ஓடும்போது சத்தம் கொஞ்சம் கரகரத்து வர வேண்டும், மரத்தில் வைத்தவுடன் சுத்தமாக வேண்டும். சும்மா ஓடும்போதே கீச்சென்று மெல்லிய சத்தம் வந்தால் பெட்ரோல் போதவில்லை, உடனே எச் ஸ்குரூவைத் திறந்துவிடுங்கள். முதல் சில டேங்க் வரை கொஞ்சம் கூடுதல் பெட்ரோலிலேயே ஓட்டுங்கள்.

11. மரத்தில் வைப்பதற்கு முன்

பழைய 070-களில் பலவற்றில் செயின் பிரேக் கிடையாது. பார் நுனியின் மேல்பகுதி எதிலாவது பட்டால் மிஷின் உங்கள் முகத்தை நோக்கித் தூக்கி அடிக்கும், நிறுத்த எதுவும் இல்லை. அதனால் இந்த மிஷினால் நின்ற மரத்தைச் சாய்க்காதீர்கள். கீழே விழுந்த தடியைத் துண்டு போட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தோள் உயரத்துக்கு மேல் தூக்காதீர்கள், ஏணியில் ஏறாதீர்கள். இடக்கைப் பெருவிரல் கைப்பிடியைச் சுற்றி இருக்கட்டும், உடல் செயினின் நேர்க்கோட்டுக்கு இடப்பக்கம் இருக்கட்டும். அதிர்வு அதிகம் என்பதால் கால்மணிக்கு ஒரு தடவை கையை ஆற விடுங்கள். தனியாக வேலை செய்யாதீர்கள். மின்கம்பிக்குப் பக்கத்து மரம் என்றால் மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகே தொடுங்கள்.

சொந்தப் பட்டா நிலம் என்பதால் எந்த மரத்தையும் வெட்டலாம் என்று நினைத்துவிடக் கூடாது. சந்தன மரத்தை வனத்துறை மூலமாகத்தான் வெட்ட முடியும். பனை மரத்துக்கு மாவட்ட ஆட்சியர் அனுமதி தேவை. வால்பாறை போன்ற மலைப்பகுதிகளில் 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி குழுவின் அனுமதி வேண்டும். ரோட்டோர மரமும் புறம்போக்கு மரமும் உங்களுடையவை அல்ல, நிழல் உங்கள் காட்டில் விழுந்தாலும்கூட. அறுத்த மரத்தை வண்டியில் ஏற்றும் முன், அந்த வகைக்குப் போக்குவரத்து அனுமதி வேண்டுமா என்று வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். தேக்குக்கு இதைக் கேட்காமல் நகராதீர்கள். பட்டா, சிட்டா, அடங்கல் நகல்களோடு முதலில் கிராம நிர்வாக அலுவலரைப் பார்ப்பது நல்லது. மரம் விழுந்த பிறகு அலைவதை விட ஒரு மாதம் முன்பே கேட்டுவிடுங்கள்.

12. எடுத்து வைப்பது

டேங்கையும் கார்பரேட்டரையும் காலி செய்த பிறகு பிளக்கைக் கழற்றி, ஒரு தேக்கரண்டி டூ ஸ்ட்ரோக் ஆயில் ஊற்றி, கயிற்றை மெதுவாக இரண்டு தடவை இழுத்து, பிளக்கைப் போட்டு மூடுங்கள். செயினைக் கழற்றி ஆயிலில் நனைத்து வையுங்கள். பாரின் காடியைச் சுரண்டிச் சுத்தம் செய்து, அடுத்த தடவை தலைகீழாக மாட்டுங்கள். இரு பக்கமும் சமமாகத் தேயும். உரச் சாக்கு இருக்கும் அறையில் மட்டும் வைக்காதீர்கள், அந்தக் காற்றுக்கே அலுமினியமும் மெக்னீசியமும் பூத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மாதம் ஒரு தடவை கயிற்றை இழுத்து பிஸ்டனை நகர்த்தி வைத்தால் ரிங் ஒட்டாது.